மலைக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு

மே மாதத்தில் ஔலிக்குப் போய்ப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவோம். உத்தராகண்டின் அந்தச் சரிவு 2,500 மீட்டருக்கு மேல் இருந்தாலும் கோடையில் அங்கே புல்தான் இருக்கும். சறுக்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது பனியைப் பற்றித்தான். லீவு, ரயில் டிக்கெட், கம்பளிச் சட்டை எல்லாம் அதற்குப் பிறகு. குளிர்காலத்திலேயே பனி போதாமல் அங்கே போட்டிகள் நின்றுபோன ஆண்டுகளும் உண்டு. பனி விழாத மலையிடம் யாரும் வழக்காட முடியாது. ஆனால் நம் பக்கத்து மலைகளுக்குப் புறப்படும்போது வரிசை தலைகீழாகிவிடுகிறது. பரீட்சை முடிந்தது, சனி ஞாயிறோடு ஒரு திங்கள் சேர்ந்து வருகிறது, வண்டியும் கிடைத்துவிட்டது. எனவே நாகலாபுரம், இல்லையென்றால் தடா, அதுவும் இல்லையென்றால் தலக்கோனை. மலையில் அன்றைக்குத் தண்ணீர் இருக்குமா, இருந்தால் எவ்வளவு இருக்கும், காடு காய்ந்து கிடக்கிறதா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. திருப்பதி, சித்தூர் வட்டாரத்து மலைகளுக்கு நடந்து போக நினைப்பவர் முதலில் முடிவு செய்யவேண்டியது தேதியையும், அந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் திரும்பி நடப்பது என்பதையும்தான். காலணி, பை, கூடாரம் போன்றவற்றைப் பற்றி ஊர் முழுக்க ஆலோசனை கிடைக்கிறது. இந்த இரண்டையும் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இதற்குக் காரணம் அந்த மலைகளின் கல்லிலேயே இருக்கிறது. சேஷாசலம் தொடங்கி நகரி, நாகலாபுரம் வரை மேலே தெரிவது பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கடினமான பாறை. பழைய கடலடி மணல் இறுகிக் கல்லானது அது. திருமலைக்குப் போகும் மலைப்பாதையின் ஓரத்தில் இந்தப் பாறையும் அதற்கு அடியில் இருக்கும், அதைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்த கிரானைட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. கோயிலுக்கு அருகிலுள்ள சிலாதோரணமும் அப்படியே. குவார்ட்சைட் எளிதில் கரையாது, செங்குத்தாகப் பிளக்கும். அதனால்தான் இங்கே சரிவான குன்றுகளைவிடச் சுவர் போன்ற பாறை முகங்களும், அவற்றுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்குகளும் அதிகம். தெலுங்கில் அவற்றுக்குக் கோனை என்று பெயர். தலக்கோனை, கைலாசகோனை என்ற பெயர்களில் இருப்பது அதுதான். பாறை தண்ணீரை உறிஞ்சாது. மேலே ஒரு மணி நேரம் கொட்டிய மழை கோனையின் வாய்க்கு மொத்தமாக வந்து சேரும். கீழே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வரலாம். மழை இல்லாத நாளிலும் ஆபத்து வேறு உருவத்தில் காத்திருக்கிறது. கோனையின் நடுவே இருக்கும் மடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் பச்சையாக, அசையாமல் இருக்கும். கரைப் பாறை நூற்றாண்டுகளாகத் தேய்ந்து சோப்புக்கட்டி போல வழவழக்கும்; அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாசி. கால் வைத்த இடத்தில் முழங்கால் ஆழம், அடுத்த அடியில் தலைக்கு மேல். உள்ளே வழுக்கியவர் பிடித்து ஏற ஒரு விளிம்பு இருக்காது. தடா அருவியிலும் நாகலாபுரத்து மடுக்களிலும் மூழ்கி இறந்தவர்களில் பலர் சென்னையிலிருந்து போன இளைஞர்கள் என்பதைச் செய்தித்தாள் படிப்பவர் அறிவார். நீச்சல் தெரிந்தவரும் அவர்களில் உண்டு. ஏரியிலும் கிணற்றிலும் பழகிய நீச்சல், ஏறி வரப் பிடிமானம் இல்லாத பாறைக் குழியில் எவ்வளவு உதவும் என்று சொல்வதற்கில்லை.

சரி, எந்தத் தேதி? இதற்கு விடையைப் புதிதாகத் தேட வேண்டாம். திருமலையின் காட்டுக்குள்ளே இருக்கும் தீர்த்தங்களுக்கு ஆண்டில் ஒருநாள் மட்டும் மக்கள் திரளாக நடந்து போகும் வழக்கம் இருக்கிறது, முக்கோடி என்பார்கள். ராமகிருஷ்ண தீர்த்தத்துக்குத் தைப் பௌர்ணமி, குமாரதாரைக்கு மாசிப் பௌர்ணமி, தும்புரு தீர்த்தத்துக்குப் பங்குனிப் பௌர்ணமி. இந்த வரிசையைப் பக்தியோடு பார்ப்பவர் பார்க்கட்டும். நடக்கிறவரின் கண்ணோடு பார்த்தாலும் இதில் நுட்பமான கணக்கு ஒன்று தெரிகிறது. இந்த வட்டாரத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கணிசமாகக் கிடைக்கிறது. மார்கழி முடிவதற்குள் வெள்ளம் வடிந்துவிடும். ஆனால் ஊற்றுகள் வற்றியிருக்காது. தை பிறந்தால் வழி தெரியும், தண்ணீரும் இருக்கும், வெயிலும் கடிக்காது. முழுநிலா நாள் என்பதால் திரும்புவதற்குத் தாமதமானாலும் வழியில் வெளிச்சம் உண்டு. டார்ச் இல்லாத காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இந்த நாட்களை வகுத்தவர்கள் நடைப்பயணத் திட்டம் போடுகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். விளைவு என்னவோ அதுதான். திட்டம் போடுகிறவருக்கு நான் சொல்வது: பொங்கல் முடிந்த அடுத்த வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரையான நான்கைந்து வாரங்கள்தான் இந்த மலைகளின் ‘சீசன்’. குற்றாலத்துக்குச் சீசன் பார்க்காமல் போகாத நாம், இங்கே மட்டும் ஏன் அதைப் பார்ப்பதில்லை என்பது வியப்புதான்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: தும்புரு தீர்த்தத்துக்குப் போவது பங்குனியில், அதாவது மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ, உங்கள் சீசன் கணக்கு அங்கேயே உடைகிறதே என்று. உடைகிறது, உண்மைதான். மூன்றில் கடினமானது தும்புருதான். அதுவே வெயில் தொடங்கிய பிறகு வருகிறது. ஆனால் அன்று என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இதய நோய், ஆஸ்துமா, உடல் பருமன் உள்ளவர்கள் வரவேண்டாம் என்று தேவஸ்தானம் முன்கூட்டியே அறிவிக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வழியில் ஆளை விடுவதில்லை. வனத்துறையும் மருத்துவக் குழுவும் குடிநீரும் வழி நெடுக இருக்கின்றன. அந்த ஒருநாளை வைத்துக்கொண்டு, பங்குனியில் நாலு பேர் தனியாக உள்ளே போகலாம் என்று முடிவு கட்ட முடியாது. ஏனென்றால் பங்குனி இந்தக் காடுகளுக்குத் தீப்பிடிக்கும் காலமும்கூட. 2014 மார்ச்சில் திருமலையில் பாபவிநாசம் பக்கத்துக் காடு பற்றி எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் இறைக்கவேண்டியதாயிற்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை. மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காய்ந்த புல்வெளியில் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புல்தீ காற்றோடு சேர்ந்தால் மேட்டை நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த ஆண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளோடு வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டமும் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்று பாதைகளை மூடிவைக்கிறது. அந்தப் பாதைகள் தமிழ்நாட்டில் இருப்பவை. ஆனால் காட்டுத் தீ மாநில எல்லை பார்த்துப் பிடிப்பதில்லை. ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புல்லும் அதே மாதத்தில்தான் காய்கிறது.

இதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஆண்டு முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள். பாட்டிமார் ஏறுகிறார்கள், படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள், வெறுங்காலோடு ஏறுகிறார்கள். யார் திட்டம் போட்டார்கள்? கேள்வி நியாயமானது. விடை: அவர்களுக்காக வேறு யாரோ திட்டம் போட்டிருக்கிறார்கள். 3,550 படிகள், ஏறத்தாழ 9 கிலோமீட்டர். பெரும்பகுதிக்கு மேலே கூரை, வழியில் குடிநீர், கழிப்பறை, விளக்கு, காவலர். முழங்கால் முறிச்சான் என்று தமிழில் பெயர் வாங்கிய அந்தச் செங்குத்தான படிகள் முழங்காலை முறித்தாலும் ஆளைத் தொலைக்காது. அலிபிரியில் நமக்குத் தேவையான முடிவுகளை நிர்வாகம் எடுத்துக்கொள்கிறது. நமக்கு மிஞ்சுவது மூச்சு வாங்குவது மட்டும்தான். அந்த நிர்வாகமே தேதியையும் மணியையும் எப்படி மாற்றவேண்டி வந்தது என்பதுதான் இங்கே பாடம். 2021 நவம்பர் மழையில் திருமலைக்கு ஏறும் இன்னொரு நடைவழியான ஸ்ரீவாரி மெட்டு சிதைந்தது. சீரமைத்துத் திறக்க மறு ஆண்டு மே மாதம் ஆயிற்று. அதே 2021 டிசம்பர் முதல் தேதி விடிகாலையில் பாறைகள் சரிந்து மேலே போகும் மலைச்சாலையும் மூடப்பட்டது. 2023 ஜூனில் அலிபிரி நடைவழியில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்வியது, அவன் பிழைத்தான். ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை இழந்தோம். அதற்குப் பிறகு குழந்தைகளோடு வருபவர்களைப் பிற்பகல் 2 மணிக்குமேல் விடுவதில்லை என்று கட்டுப்பாடு வந்தது, கூட்டமாகப் போகச் சொன்னார்கள், கையில் ஒரு தடியும் கொடுத்தார்கள். தடியைப் பார்த்து அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. கேலியில் மறைந்துபோனது அந்த 2 மணி. உயிரைக் காப்பதில் தடியைவிட மணிக்குத்தான் பங்கு அதிகம். சிறுத்தை துணிந்து நடமாடுவது அந்தியிலும் இரவிலும். 2025 பிப்ரவரியில் மகாசிவராத்திரியை ஒட்டித் தலக்கோனையை நோக்கிக் காட்டுவழியே இரவில் நடந்த பக்தர்கள் யானைக்கூட்டத்தில் சிக்கி இறந்ததும் இதே கதைதான்.

“இமயமலையா ஏறப்போகிறோம்? ஆயிரம் மீட்டர்கூட இல்லாத குன்றுதானே” என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு வாதம். கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால் நிற்காது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு எளிய விதி சொன்னார். சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. அலிபிரியில் போட்டுப் பாருங்கள். 9 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி, 650 அல்லது 700 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்று பத்து. மொத்தம் மூன்று மணி. உண்மையில் நடப்பவர்களுக்கும் மூன்று, நான்கு மணி ஆகிறது. ஸ்காட்லாந்துக்காரர் திருமலைக்கு நெருக்கமாகவே வந்துவிடுகிறார். ஆனால் இந்தக் கணக்கு படிக்கட்டுக்கும் நல்ல பாதைக்கும்தான். கோனையில் பாதை என்பது ஓடைதான்; பாறைக்குப் பாறை தாவி, சில இடங்களில் கையை ஊன்றி, இடுப்பளவு தண்ணீரைக் கடந்து போகவேண்டும். அங்கே ஒரு குழுவின் வேகம் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். குழுவில் பத்துப் பேர் இருந்தால் அதுவும் கிடைக்காது, ஏனென்றால் வழுக்குப் பாறையை ஒவ்வொருவராகத்தான் கடக்க முடியும். உயரம் குறைவு என்பது வெயிலுக்கும் உதவாது. நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.65 டிகிரிதான் குறையும். கீழே திருப்பதியில் 42 டிகிரி என்றால் மேலே திருமலையில் 37 அல்லது 38. ஊட்டி போன்ற குளிர்ச்சியை 700 மீட்டரில் எதிர்பார்ப்பது ஏமாற்றம்தான். பாறை வேறு காலையிலிருந்து வாங்கிய சூட்டைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். வெயிலில் ஏறுகிற உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகும். ஆறு மணி நேர நடைக்கு ஆளுக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் வேண்டும். முதுகில் அது ஐந்து கிலோ. இமயத்தில் குளிருக்குச் சட்டைமேல் சட்டை போட்டுக்கொள்ளலாம். வெயிலுக்குக் கழற்ற ஒரு சட்டைக்குமேல் எதுவும் இல்லை. எதையாவது செய்து சமாளிக்க முடியாத ஆபத்தைத் தேதியால் மட்டுமே தவிர்க்க முடியும்.

அனுமதி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் நிறைய. காடு பொதுச்சொத்து, நடப்பதற்கு எதற்குக் கையெழுத்து என்கிறார்கள். அந்தக் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. யாரிடம் கேட்பது, எவ்வளவு கட்டுவது, எந்த வழி திறந்திருக்கிறது என்பது தலக்கோனை போன்ற நுழைவுக் கட்டண இடங்களைத் தவிர மற்ற கோனைகளில் தெளிவாக இல்லை. ஓர் அருவியில் யாராவது இறந்தால் மூடுவார்கள், பிறகு திறப்பார்கள், மறுபடி மூடுவார்கள். வெளியூர்க்காரருக்கு அது எப்படித் தெரியும்? ஒரே இணையப் பக்கத்தில் எல்லாப் பாதைகளையும் தேதியோடு போட்டுப் பதிவுசெய்ய விடும் முறை ஆந்திரத்துக் கோனைகளுக்கும் வந்தால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் இந்த மலைகளைப் பொறுத்தவரை அனுமதிக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லாமல் விட முடியாது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரம் இந்தச் சுற்றுவட்டாரக் காட்டில்தான் இருக்கிறது. 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலம் 4,700 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அதன் ஓரங்களில் மரம் கடத்துபவர்களுக்கும் காவலர்களுக்கும் இடையே பல ஆண்டுகளாக ஒரு போரே நடக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று விடிகாலையில் இதே மலையில் இருபது பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டு மலைக்கிராமங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அந்தத் துப்பாக்கிச்சூடு சரியா என்ற கேள்வி இந்தக் கட்டுரைக்கு மிகவும் பெரியது. நடைப்பயணம் போகிறவருக்கு அதிலிருந்து எழும் செய்தி சின்னது: முதுகில் பையோடு, தமிழ் பேசிக்கொண்டு, பாதையில்லாத இடத்தில், இருட்டில் நடமாடும் ஒரு குழுவைப் பார்த்தால் காவலர் மனத்தில் முதலில் என்ன தோன்றும்? கையில் அனுமதிச் சீட்டும், உடன் உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அனுமதி வாங்குவது அரசுக்கு அடங்கிப்போவது என்று நினைப்பவர், தான் காட்டுக்குள் இருப்பதை இன்னொருவராவது தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்பதையும் சேர்த்து யோசிக்கட்டும். கோனைக்குள் செல்போன் சிக்னல் இருக்காது. 108-ஐ அழைக்க மேட்டுக்கு ஏறவேண்டும், கால் முறிந்தவர் ஏற மாட்டார். மாலை ஆறுக்குள் அழைப்பு வராவிட்டால் இன்னாரைக் கூப்பிடு என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகும் ஒரு துண்டுச்சீட்டு, பையில் இருக்கும் முதலுதவிப் பெட்டியைவிட அதிகம் உதவும்.

தேதி முடிவானபின் மிச்சம் இருப்பது மணி. அதைப் பின்னாலிருந்து போடவேண்டும். ஜனவரிக் கடைசியில் இங்கே சூரியன் ஏறத்தாழ ஆறேகாலுக்கு மறைகிறது. ஆனால் கோனையின் சுவர் உயரம். ஐந்து மணிக்கே உள்ளே மங்கிவிடும். ஆகவே நான்கு மணிக்கு ஓடை வாயை விட்டு வெளியே வந்திருக்கவேண்டும். போக நான்கு கிலோமீட்டர் என்றால் மேலே சொன்ன வேகத்தில் திரும்ப இரண்டே முக்கால் மணி. யாராவது ஒருவர் கால் பிசகினால் என்று ஒரு மணியைச் சேர்த்தால் பன்னிரண்டேகாலுக்குமேல் உள்ளே ஓர் அடிகூட வைக்கக்கூடாது. காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கினால்தான் இது கட்டுப்படியாகும். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நாலரைக்குக் கிளம்பவேண்டும், அல்லது முந்தின இரவே போய்த் தங்கவேண்டும். ஒன்பதுக்குக் கிளம்பி, வழியில் டிபன் சாப்பிட்டு, பன்னிரண்டுக்குக் காட்டு வாயில் சேரும் குழு திரும்பி நடக்கவேண்டிய நேரத்தில் ஏறத் தொடங்குகிறது. இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா, மனசுக்குப் பிடித்தபடி நடப்பதுதானே மலைப்பயணத்தின் சுகம் என்று கேட்பவர் இருக்கலாம். பன்னிரண்டேகால் என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டால், அதுவரை கடிகாரத்தைப் பார்க்காமல் நடக்கலாம். அது முடிவாகாத குழுவில்தான் ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்று ஒருவரும் ‘போதும் திரும்பலாம்’ என்று ஒருவரும் வழி நெடுகச் சண்டை போட்டுக்கொள்வார்கள். கடைசி ஊரில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி ‘நீள்ளு உன்னாயா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. எல்லைப்புறம் என்பதால் தமிழில் கேட்டாலும் பதில் வரும். நேற்று இரவு மேலே மழையா, ஓடை கலங்கி வருகிறதா என்பதை ஆடு மேய்ப்பவரைவிட நன்றாகச் சொல்ல எந்தச் செயலியாலும் முடியாது. மேலே மழை என்றோ, ‘லேவு’, தண்ணீரே இல்லை என்றோ பதில் வந்தால் வண்டியை நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலுக்குத் திருப்பலாம். கிருஷ்ணதேவராயர் தன் தாயின் பெயரில் அமைத்த ஊர் அது. மூலவர் மச்ச அவதாரம், இடுப்புக்குக் கீழே மீன். கோனையில் தண்ணீர் இல்லாத நாளிலும் அவர் அங்கேதான் இருப்பார்.